ஸ்டெப் அழுத்தினால் லைப்ரரிக்குள் போய் விழுகிறது: இன்லைன் ஆன கோட்டை டிபக்கரில் பின்தொடர்வது எப்படி?

கேள்வி: கோண்டாவில் வாசகர், யூன் 2, 2025

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான பழைய கல்வெட்டுகளை (இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் நூல்களை) யூனிகோடுக்கு மாற்ற சி++ இல் ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் சரியாக மாற்றுகிறது. சில இடங்களில் மட்டும் "எங்கே" என்பது "எங்கோ" ஆகிவிடுகிறது. விஎஸ் கோட்டில் எஃப்11 அழுத்தி வரி வரியாகப் போனால் என் ஃபங்ஷனில் நிற்காமல் ஸ்ட்ரிங்-வியூ (எழுத்துத் தொடரின் ஒரு பகுதியைச் சுட்டும் லைப்ரரி வகை) கோப்புக்குள் போய் நிற்கிறது. வெளியே வந்தால் தாண்டிப் போன வரிக்கே திரும்பவும் வருகிறது. வேரியபிளைப் பார்த்தால் "ஒப்டிமைஸ்ட் அவுட்". லைப்ரரிக் கோட் எனக்கு எதற்கு? அதை முழுதாக மறைக்க ஒரு வழி இருக்கவேண்டும். இல்லையென்றால் டிபக்கரை விட்டுவிட்டு பிரின்ட் போட்டே கண்டுபிடிக்கிறேன்.

யூன் 2, இரவு

எந்த பில்ட்? பில்ட் கருவியான சிமேக்கில் "ரெல்-வித்-டெப்-இன்ஃபோ" தெரிவு செய்திருந்தால் அது ஓ2, அதாவது வேகத்துக்காகக் கொம்பைலர் கோட்டை மாற்றியமைக்கும் நிலை. பெயரில் டிபக் இருப்பதால் பலர் அதைச் சாதாரண டிபக் பில்ட் என்று நினைக்கிறார்கள். டிபக் தகவல் அதில் உண்டு, ஆனால் கோட் முழு ஒப்டிமைசேஷனோடு வருகிறது. சொல்லுங்கள், பிறகு எழுதுகிறேன்.

யூன் 3

ரெல்-வித்-டெப்-இன்ஃபோ தான் என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் தம்பி, உங்களிடம் இருப்பது இரண்டு வேறு பிரச்சினை. இரண்டும் வெளியில் ஒரே மாதிரித் தெரியும், மருந்து வேறு.

ஓ2 இல் நடப்பது இதுதான். ஸ்ட்ரிங்-வியூவின் சதுர அடைப்பு ஒப்பரேட்டர் உண்மையில் ஒரு ஃபங்ஷன். கொம்பைலர் அதை அழைப்பதே இல்லை. அதன் உடலை எடுத்து உங்கள் ஃபங்ஷனுக்குள் கலந்துவிடுகிறது, இதற்குத்தான் இன்லைன் என்று பெயர். மிஞ்சுவது ஒரே ஒரு லோட் இன்ஸ்ட்ரக்‌ஷன். அதோடு நிற்காமல், எது முதலில் ஓடினால் புரொசசருக்கு வசதியோ அந்த ஒழுங்கில் மற்ற வரிகளின் இன்ஸ்ட்ரக்‌ஷன்களையும் மாற்றி அடுக்குகிறது. இடிசம்பலில் தேங்காய் எங்கே, மிளகாய் எங்கே என்று பிரித்துக் காட்டச் சொன்னால் எப்படி? டிபக்கரிடம் நாம் கேட்பது அதைத்தான். அது முடிந்தவரை காட்டுகிறது. கொம்பைலர் எழுதிவைத்த டுவார்ஃப் தகவலில் "இந்த முகவரி இந்தக் கோப்பின் இந்த வரி" என்று ஒரு அட்டவணை இருக்கிறது. "இந்த முகவரிகள் இன்ன ஃபங்ஷனின் இன்லைன் பிரதி, அது அழைக்கப்பட்ட வரி இது" என்ற குறிப்பும் இருக்கிறது. ஒரே இன்லைன் பிரதி தொடர்ச்சியில்லாத பல துண்டுகளாகவும் கிடக்கலாம். நீங்கள் பார்க்கும் பாய்ச்சல் அந்தத் துண்டுகளுக்கு இடையிலான பாய்ச்சல்.

நம்பாவிட்டால் ஒரு பரிசோதனை செய்யுங்கள். இன்லைன் அழைப்பு தொடங்கும் இடத்தில் நிற்கும்போது பிசி ரெஜிஸ்டரை (அடுத்து ஓடப்போகும் இடத்தின் முகவரி) அச்சிடுங்கள். ஸ்டெப் கொடுங்கள். ஸ்ட்ரிங்-வியூ கோப்பைக் காட்டும். மறுபடி பிசியை அச்சிடுங்கள். பெரும்பாலும் அதே முகவரி! ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன்கூட ஓடவில்லை. இன்லைன் பிரதியின் முதல் முகவரியில் நிற்கும்போது ஜிடிபி டிபக்கர் "இன்னும் உள்ளே போகவில்லை" என்று வெளி ஃபங்ஷனைக் காட்டுகிறது. ஸ்டெப் கேட்டதும் அதே இடத்தை "உள்ளே வந்தாயிற்று" என்று காட்டுகிறது. மாறியது காட்சி மட்டும். இதை முதன்முதல் பார்த்தபோது எனக்கு டிபக்கர் பற்றிய எண்ணமே மாறியது. ஸ்டெப் என்பது புரொசசரின் அடி இல்லை. கொம்பைலர் தந்த குறிப்பை வைத்து டிபக்கர் நமக்காகக் கட்டும் அடி.

யூன் 3, பின்னேரம்

"ஒப்டிமைஸ்ட் அவுட்" பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். வேரியபிள் தொலைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. அந்த முகவரியில் அதன் பெறுமதி எங்கே இருக்கிறது என்று கொம்பைலர் குறிப்பு எழுதவில்லை, அவ்வளவுதான். சில இன்ஸ்ட்ரக்‌ஷன் முன்னால் ஒரு ரெஜிஸ்டரில் இருந்திருக்கும், அந்த ரெஜிஸ்டர் வேறு வேலைக்குப் போயிருக்கும். "அப்" கொடுத்து அழைத்த பிரேமுக்கு, அதாவது அழைத்த ஃபங்ஷனின் நிலைக்கு, போங்கள். அதே பெறுமதி அங்கே வேறு பெயரில் உயிரோடு இருப்பது அடிக்கடி நடக்கும். இன்லைன் பிரேமாக இருந்தாலும் "அப்" வேலை செய்யும். "இன்ஃபோ பிரேம்" கொடுத்தால் "இன்ன பிரேமுக்குள் இன்லைன் ஆனது" என்று அதுவே சொல்லும்.

யூன் 5

டிபக் பில்டுக்கு மாறியதும் வரிகள் ஒழுங்காக ஓடுகின்றன, ஆனால் இப்போது லைப்ரரிக்குள் இன்னும் ஆழமாக இறங்குகிறது என்கிறீர்கள். இதுதான் இரண்டாவது பிரச்சினை. ஓ0 இல், அதாவது ஒப்டிமைசேஷன் இல்லாத டிபக் பில்டில், இன்லைன் செய்வதில்லை, கட்டாயம் இன்லைன் செய் என்று குறியிட்ட ஃபங்ஷன்களைத் தவிர. ஆகவே ஒவ்வொரு சின்ன ஒப்பரேட்டரும் உண்மையான அழைப்பு. நீங்கள் உள்ளே போ என்கிறீர்கள், அது போகிறது. டிபக்கர் இங்கே முழு உண்மை பேசுகிறது.

இதற்கு மருந்து ஜிடிபியின் ஸ்கிப் கட்டளை. "எஸ்டிடி" என்ற லைப்ரரி நேம்ஸ்பேஸில் தொடங்கும் ஃபங்ஷன்களை ரெகுலர் எக்ஸ்பிரஷன் மூலம் தவிர்க்கச் சொல்லலாம். அல்லது கோப்புப் பாதையைக் கொடுத்து சி++ ஹெடர் அடைவு முழுவதையும் தவிர்க்கச் சொல்லலாம். பாதை கொடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு நட்சத்திரம் ஒரு அடைவுக்குள் மட்டும்தான் பொருந்தும், சாய்கோட்டைத் தாண்டாது. உள் அடைவில் இருக்கும் ஹெடர்களுக்கு இன்னொரு வரி எழுதவேண்டும். பலர் ஒரு வரி எழுதிவிட்டு "ஸ்கிப் வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஜிடிபி தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் இந்த வரிகளைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் அடிக்கத் தேவையில்லை.

எல்எல்டிபி என்ற டிபக்கரைப் பாவிக்கிறவர்களுக்கு எஸ்டிடி ஃபங்ஷன்களைத் தவிர்ப்பது இயல்பாகவே அமைந்திருக்கிறது. விசுவல் ஸ்டூடியோவில் "ஜஸ்ட் மை கோட்" என்ற தெரிவு அந்த வேலையைச் செய்யும்.

யூன் 5, சற்றுப் பிந்தி

"போன மாதம்வரை ஸ்ட்ரிங்குக்குள் போகவே மாட்டாது, இப்போது போகிறது, ஏன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சி++17 இலிருந்து சி++20 க்கு மாறினீர்களா? நல்ல கேள்வி என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

ஜிசிசியோடு வரும் லைப்ரரியில் சாதாரண ஸ்ட்ரிங் வகையின் ஃபங்ஷன்கள் முன்கூட்டியே கொம்பைல் செய்து ஷெயார்ட் லைப்ரரிக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. சி++17 வரை, ஓ0 இல் உங்கள் புரோகிராம் அங்கே போய்த்தான் அழைக்கிறது. அங்கே வரி அட்டவணை இல்லாவிட்டால் ஸ்டெப் தானாகவே தாண்டிவிடும். சி++20 இல் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். தேவையான ஃபங்ஷன்கள் உங்கள் கோப்பிலேயே, உங்கள் டிபக் தகவலோடு உருவாகின்றன. அதனால் ஸ்டெப் உள்ளே இறங்குகிறது. வெக்டர் எப்போதுமே இப்படித்தான்.

கொம்பைலர் கொடி (கொம்பைலருக்குக் கொடுக்கும் தெரிவு) மாறாமலே இப்படி நடந்தால், ஜிடிபி தொடங்கும்போது கேட்கும் டிபக்-இன்ஃபோ-டி கேள்விக்கு ஆம் சொல்லியிருப்பீர்கள். அது லைப்ரரியின் டிபக் தகவலை இணையத்திலிருந்து இறக்கிவிடும். ஃபோன் டேட்டாவில் வேலை செய்கிறவர்கள் அந்தக் கேள்விக்கு யோசித்து விடை சொல்லுங்கள். டெம்பிளேட் கோட்டைப் பார்க்க அந்தப் பதிவிறக்கம் தேவையே இல்லை, ஹெடர் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

யூன் 6

மூவ், ஃபோர்வேர்ட் இரண்டும் எரிச்சல் தருவதாக எழுதியவருக்கு: 2022 இல் வந்த ஜிசிசி 12 இலிருந்து, ஃபோல்ட்-சிம்பிள்-இன்லைன்ஸ் என்ற கொடியைக் கொடுத்தால் அவற்றை ஓ0 இலும் கொம்பைலரே விழுங்கிவிடும். கிளாங் 15 கொடி இல்லாமலே அப்படிச் செய்யும். பழைய கொம்பைலர் என்றால் ஸ்கிப்.

யூன் 9

ஸ்கிப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டார். இப்போது சோர்ட்டுக்குக் கொடுத்த தன் சொந்த லாம்டாவுக்குள்ளும் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) நிற்கவில்லை என்கிறார். ஆம், நிற்காது. ஸ்டெப் போய்ச் சேரும் ஃபங்ஷன் தவிர்க்கும் பட்டியலில் இருந்தால், ஜிடிபி அது திரும்பி வரும் இடத்தில் ஒரு தற்காலிக பிரேக்பொயின்ட் வைத்துவிட்டு ஓடவிடுகிறது. சோர்ட் உள்ளே இருந்து உங்கள் லாம்டாவை ஆயிரம் தரம் அழைத்தாலும் அதற்குத் தெரியாது. லாம்டாவின் முதல் வரியில் நீங்களே பிரேக்பொயின்ட் வையுங்கள். விசுவல் ஸ்டூடியோவின் ஜஸ்ட் மை கோட் இந்த விடயத்தில் நல்லது, லைப்ரரிக்குள் இருந்து உங்கள் கோட் அழைக்கப்பட்டால் அங்கே நிற்கும்.

இதை ஒட்டி இன்னொன்று. பழைய ஜிடிபி பதிப்புகளில் ஸ்கிப் உண்மையான அழைப்புகளை மட்டும்தான் பிடித்தது, இன்லைன் பிரேமைப் பிடிக்கவில்லை. ஓ2 பில்டில் ஸ்கிப் பலனில்லை என்று தோன்றினால் பதிப்பைப் பாருங்கள்.

ஆனால் இரண்டு நாளாக இதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் கேள்வியில் இருந்த "முழுதாக மறைக்க" என்ற ஆசை எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்டெப்பிலிருந்து லைப்ரரியைத் தள்ளி வைக்கலாம், அது நேரத்தை மிச்சப்படுத்தும். ஸ்டாக்கிலிருந்து, அதாவது எது எதை அழைத்தது என்ற பட்டியலிலிருந்து, மறைக்கக்கூடாது. தவறு செய்தது நம் கோட்டாக இருந்தாலும், அது வெளிப்படுவது அநேகமாக லைப்ரரியின் ஒரு வரியில்தான்.

யூன் 14

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவருக்கு. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் வாடிக்கையாளரிடமிருந்து வருவது வெறும் முகவரிகள் மட்டும் உள்ள லொக் கோப்பு. டிபக்கரை அங்கே கொண்டுபோக முடியாது. அதே பில்டின் டிபக் தகவலை நாங்கள் வைத்திருப்போம். அட்ர்-டு-லைன் கருவிக்கு முகவரியைக் கொடுத்தால் ஒரு லைப்ரரி வரியைச் சொல்லும்: வெக்டர் ஹெடர், இன்ன வரி. அந்த ஹெடரை எங்கள் புரோகிராமின் எத்தனையோ இடங்கள் பாவிக்கின்றன. ஒரு பிரயோசனமும் இல்லை. புதிதாக வந்தவர்கள் அங்கேயே "லைப்ரரியில் பிழை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

அதே கருவிக்கு இன்லைன் பிரேம்களையும் காட்டச் சொல்லும் "ஐ" கொடியைக் கொடுத்துப் பாருங்கள். அதே ஒற்றை முகவரிக்கு ஒரு சங்கிலியே வரும்: வெக்டர் ஒப்பரேட்டர், அதை அழைத்த எங்கள் உதவி ஃபங்ஷன், அதை அழைத்த எங்கள் இன்னொரு ஃபங்ஷன், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று இன்லைன் ஆனவை. கடைசியில்தான் உண்மையான ஃபங்ஷன். மூடப்பட்ட முறைப்பாடுகளை இப்படித் திறந்து பார்த்தபோது தவறு எங்கள் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது. அதற்குப் பிறகு நான் மேல் பிரேமை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வருவதில்லை.

யூன் 15

கொஞ்சம் விலகிப் போகிறேன். கோண்டாவில் தம்பி செய்கிற வேலை பெரிய வேலை. அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுகள் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கின்றன! வம்சாவளி, ஊர் வரலாறு, பிள்ளைகள் எந்த நாட்டில் என்ற விபரம், புலம்பல் பாட்டு, தேவாரம். ஒரு குடும்பத்தின் வரலாறு வேறெங்கும் எழுதப்படாமல் அதில் மட்டும் இருக்கும். ஸ்கான் செய்தால் படம்தான் கிடைக்கும். அச்சகத்தின் பழைய கோப்பு கிடைத்தால் எழுத்தாகவே மீட்கலாம், தேடலாம்.

பாமினி தெரியாதவர்களுக்கு: அதில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் கிடக்கும். "கே" என்றால் முதலில் கொம்பு (ே), பிறகு ககரம். "கோ" என்றால் கொம்பு, ககரம், அரவு (ா). யூனிகோடில் ககரம் முதலில், குறி பிறகு. ஆகவே மாற்றி கொம்பைக் கண்டதும் அதை வைத்துக்கொண்டு, மெய்யைத் தாண்டி, அடுத்தது அரவா என்று எட்டிப் பார்க்கவேண்டும். அரவு என்றால் "கோ", இல்லையென்றால் "கே".

இதை எழுதும்போதே ஒரு சந்தேகம் வருகிறது. தம்பி, அந்த எட்டிப் பார்க்கும் வரியை இங்கே போடுங்கள். சொல்லின் முடிவைச் சரிபார்க்கிறீர்களா?

யூன் 16

வரியைப் பார்த்தேன். சரிபார்க்கவில்லை. ஆனால் நான் கண்ணால் பார்த்துச் சொன்னது உங்களுக்குப் பிரயோசனமில்லை, அடுத்த முறை நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். டிபக்கரை வைத்தே பிடியுங்கள். எஃப்11 ஐ விடுங்கள். நடந்து போகாமல், நேரே இடத்துக்குப் போய் நிற்கவேண்டும். அந்த வரியில் ஒரு நிபந்தனை பிரேக்பொயின்ட்: எட்டிப் பார்க்கும் இடத்தின் எண் சொல்லின் நீளத்தை எட்டிவிட்டால் மட்டும் நில்.

யூன் 17

"நிபந்தனையில் சைஸ் ஃபங்ஷனை எழுதினால், இன்லைன் ஆகியிருக்கலாம், மதிப்பிட முடியாது என்கிறது." ஆம், அதுவும் இதே கதை. எல்லா அழைப்பும் இன்லைன் ஆகிவிட்டதால் அழைப்பதற்கு அந்த ஃபங்ஷனின் தனிப் பிரதி பைனரியில் இல்லை. ஜிடிபி எதை அழைக்கும்? நீங்கள் மறுபடி ஓ2 பில்டில் நிற்கிறீர்கள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பரவாயில்லை. ஃபங்ஷனுக்குப் பதில் உள்ளே இருக்கும் உறுப்பையே எழுதுங்கள். ஜிசிசி லைப்ரரியில் ஸ்ட்ரிங்-வியூவுக்கு உள்ளே நீளம் ஒன்று, எழுத்துகளின் முகவரியை வைத்திருக்கும் சுட்டி ஒன்று, இரண்டே உறுப்புகள். ஹெடரைத் திறந்தால் பெயர் தெரியும். இதற்காகவாவது அந்த ஹெடரை ஒருமுறை வடிவாகப் படியுங்கள், பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

இன்லைன் பிரேமிலிருந்து "பினிஷ்" கொடுத்தால் திரும்பிய பெறுமதியைக் காட்டாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திரும்புதல் என்று ஒன்று அங்கே நடக்கவில்லை. வெளியே வந்ததும் அந்த விடை சேமிக்கப்பட்ட வேரியபிளைப் பாருங்கள்.

யூன் 21

தம்பி பிழையைப் பிடித்துவிட்டார்! நின்ற இடம் ஒரு புலம்பல் பாட்டின் "எங்கே ராசா" என்ற அடி.

நடந்தது இது. அவர் நினைவகத்தை மிச்சப்படுத்த எல்லாச் சொற்களையும் இடைவெளி இல்லாமல் ஒரே பஃபரில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ஸ்ட்ரிங்-வியூ வைத்திருக்கிறார். "எங்கே" பாமினி ஒழுங்கில் ககரத்தோடு முடிகிறது. அதற்கு அடுத்த இடத்தை எட்டிப் பார்த்தால் அது வேறு சொல்லின் முதல் எழுத்து. சாதாரணமாக எந்தச் சொல்லும் அரவில் தொடங்காது, ஆகவே தவறு வெளியே தெரியாது. ஆனால் ரகரமும் அரவும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் தட்டச்சு செய்தவர் "ராசா" வின் ரகரத்துக்கு அரவையே அடித்திருக்கிறார். கொம்பு, ககரம், பக்கத்துச் சொல்லின் அரவு. "எங்கோ" வந்துவிட்டது. அடுத்த சொல்லைச் சுத்தம் செய்யும் பகுதி முதல் அரவை ரகரமாக மாற்றிவிடுவதால் "ராசா" மட்டும் சரியாக வந்திருக்கிறது. அதனால்தான் தடயமே தெரியவில்லை.

மகனைப் பறிகொடுத்த தாய் "எங்கே ராசா" என்று கேட்டதை "எங்கோ" என்று மாற்றிப் பதிவதை விடக்கூடாது. இவ்வளவு நுணுக்கமாக இதைத் தேடியதற்கு அதுவே போதும்.

யூன் 22

அட்ரஸ் சனிடைசர் (நினைவக மீறலைப் பிடிக்கும் கருவி) ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று அவர் கேட்டிருக்கிறார். ஓட்டிப் பார்த்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லாது. வாசித்த இடம் அவருடைய பஃபருக்குள்ளேயே இருக்கிறது, நினைவகத்தைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்கு. மீறப்பட்டது சொல்லின் எல்லை. அதை அறிந்தது ஸ்ட்ரிங்-வியூ மட்டும்தான்.

அந்த ஒப்பரேட்டருக்குள்ளேயே ஒரு சோதனை எழுதப்பட்டிருக்கிறது: இடம் நீளத்துக்குள் இருக்கிறதா? ஜிசிசி லைப்ரரியின் "அசேர்ஷன்ஸ்" மக்ரோவைப் போட்டு கொம்பைல் செய்தால் அது உயிர்பெறும். ஓ2 பில்டிலும் வேலை செய்யும். மீறினால் கோப்பு, வரி, மீறப்பட்ட நிபந்தனை எல்லாம் அச்சிட்டு அபோர்ட் ஆகும். 2025 இல் வந்த ஜிசிசி 15 இல் ஓ0 பில்டுக்கு இது தானாகவே இயங்குகிறது. தம்பியிடம் இருப்பது உபுண்டு 24.04, அதோடு வருவது ஜிசிசி 13, ஆகவே கையால் போடவேண்டும்.

போட்டுவிட்டு டிபக்கரில் ஓட்டியபோது அவருக்குக் கிடைத்த ஸ்டாக்கைப் பாருங்கள். மேலே அபோர்ட், அதன் கீழ் லைப்ரரியின் அசேர்ட், அதன் கீழ் சதுர அடைப்பு ஒப்பரேட்டரின் இன்லைன் பிரேம், அதன் கீழ் அவருடைய வரி. எஃப்11 ஒருமுறைகூட அழுத்தத் தேவையில்லை. முதல் நாள் "எனக்கு எதற்கு" என்று கேட்ட அதே லைப்ரரி வரிதான் பிழையைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறது.

யூலை 4

டிபக் செய்வதற்கான ஒப்டிமைசேஷன் நிலையான ஓஜி கொடி பற்றிக் கேட்டவருக்கு: ஜிசிசி 4.8 இல், 2013 இல் வந்தது. ஓ0 ஐ விட வேகம், ஓ2 ஐ விடப் பின்தொடரச் சுலபம். ஆனால் "ஒப்டிமைஸ்ட் அவுட்" அதிலும் வரும். கிளாங்கில் அது ஓ1 தான். நான் பெரிய கோப்புகளுக்கு ஓ2 வோடு இன்லைனை மட்டும் நிறுத்தும் கொடியைப் போடுவேன். கிட்டத்தட்ட எல்லா ஃபங்ஷனும் உண்மையான அழைப்பாகிவிடும், ஸ்டாக் தெளிவாகும், வேகமும் ஓரளவு கிடைக்கும். ஒரு ஃபங்ஷனை மட்டும் பார்க்கவேண்டும் என்றால் கிளாங்கில் அதைச் சுற்றி ஒப்டிமைசேஷனை நிறுத்தும் பிரக்மா போதும். தனிக் கோப்பாகப் பிரித்து "என் கோட் ஓ0, லைப்ரரி ஓ2" என்று கேட்கவேண்டாம். ஹெடர் கோட் உங்கள் கோப்போடுதான் கொம்பைல் ஆகிறது, அதைப் பிரிக்க முடியாது.

யூலை 19

தம்பி எல்லை சரிபார்ப்பைச் சேர்த்துவிட்டு, அசேர்ஷன்ஸ் பில்டில் தன்னிடம் இருந்த கோப்புகள் எல்லாவற்றையும் ஓட்டியிருக்கிறார். இன்னொரு இடத்தில் நின்றிருக்கிறது. ஔகாரக் குறியைக் கண்டுபிடிக்கும் பகுதி: கொம்பு, மெய், ளகரம் என்று வந்தால் "வௌவால்" ஆகவும் இருக்கலாம், "வெள்ளம்" ஆகவும் இருக்கலாம். ளகரத்துக்குப் பிறகு புள்ளியோ வேறு குறியோ வருகிறதா என்று இன்னும் ஒரு எழுத்து தள்ளிப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். சொல்லின் கடைசியில் அந்தப் பார்வையும் எல்லை தாண்டியிருக்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே உதவி ஃபங்ஷனைப் பாவிக்கச் சொல்லியிருக்கிறேன்: எல்லைக்குள் என்றால் எழுத்து, வெளியே என்றால் பூச்சியம். அது எப்படியும் இன்லைன் ஆகிவிடும், வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.